பூக்க வைக்கிற லைட்டுன்னு வாங்கினேன், பூத்தது அட்டைப்பெட்டிக்குள்ள

மேசை ஓரத்துல க்ளிப் போட்டு மாட்டுற மூணு தலை எல்இடி க்ரோ லைட் (செடிக்கு வெயிலுக்குப் பதிலா வெளிச்சம் கொடுக்குற விளக்கு), கூடவே வயர்லயே ஒரு டைமர் ரிமோட். வாங்கி அஞ்சு மாசம் ஆச்சு. பிராண்ட் பேர் எழுதல, இதே மாதிரி மாடல் பல பேர்ல வருது, எது வாங்கினாலும் நான் சொல்றதுல முக்காவாசி பொருந்தும்னு நெனக்கிறேன்.

வாங்கினதுக்கு ஒரே காரணம் டப்பா மேல இருந்த வாசகம். எந்தச் செடியையும் எந்த சீசன்லயும் பூக்க வைக்குமாம். காலேஜ்ல தாவரவியல் படிச்ச ஆளு நான், இப்போ பாக்குற வேலைக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல, ஆனா அந்த வரியப் பாத்ததும் உள்ள ஏதோ அரிச்சுது. செடி எப்போ பூக்கணும்னு முடிவு பண்றது அதோட ஜீனு, அதுக்கு இந்த லைட் என்ன சொல்லப்போகுது, அது கேக்குமா கேக்காதான்னு பாத்துடலாம்னு ஆர்டர் போட்டேன்.

முதல்ல நல்லத சொல்லிடுறேன். கழுத்து நல்லா வளையுது, வளைச்ச இடத்துல நிக்குது, தொங்கிப் போகல. சூடு ரொம்ப இல்ல. வெள்ளை, செவப்பு, ரெண்டும் கலந்ததுன்னு மூணு மோட், செவப்புக்கு "ப்ளூம்"னு பேர் வச்சிருக்காங்க (இதப் பத்தி பின்னாடி நிறைய இருக்கு). டைமர்ல 8, 12, 16 மணி நேரம். க்ளிப் மட்டும் தடிமனான பலகைல ஏறாது. அவ்வளவுதான், பொருளா பாத்தா குறை சொல்ல பெருசா ஒண்ணும் இல்ல.

இப்போ விஷயத்துக்கு வர்றேன். என்கிட்ட கலாஞ்சோ செடி ஒண்ணு இருந்துச்சு, ரெண்டு வருஷமா இலை இலையா தள்ளிட்டே இருந்துது, பூ மட்டும் இல்ல. அதுல இருந்தே ரெண்டு குச்சி ஒடிச்சு ரெண்டு தொட்டில வேர் விட வச்சேன். ஒரே தாய்ச்செடி, அதனால ரெண்டுக்கும் ஜீன் ஒண்ணு, நாளைக்கு ஒண்ணு பூத்து ஒண்ணு பூக்கலன்னா ஜாதி வேறன்னு சாக்கு சொல்ல முடியாது. கலாஞ்சோ குறும்பகல் செடி, ராத்திரி நீளமா இருந்தாத்தான் பூக்கும், சுமாரா 14 மணி நேரம் இருட்டுல ஒரு ஆறு வாரம் வச்சா மொட்டு வரும்னு வளக்குறவங்க எல்லாருக்கும் தெரிஞ்ச கணக்கு. ஒரு தொட்டி ஹால்ல, அங்க ராத்திரி பதினொண்ணு வரைக்கும் லைட் எரியும். இன்னொண்ணு யாரும் புழங்காத ரூம்ல ஜன்னல் பக்கம், இந்த க்ரோ லைட்டுக்குக் கீழ, டைமர் 8 மணி நேரத்துல, காலைல எட்டுக்கு ஆன் ஆகுற மாதிரி வச்சு ப்ளூம் மோடும் போட்டாச்சு. டப்பா சொன்னபடியே எல்லாம் பண்ணேன்.

ஆறு வாரம் முடிஞ்சுது, ஏழாவது வாரமும் போச்சு. ரெண்டு தொட்டிலயும் ஒரு மொட்டு கூட இல்ல. இலை மட்டும் லைட்டுக்குக் கீழ இருந்ததுல நல்லா தடிச்சு பளபளன்னு இருந்துச்சு.

ஒரு நாள் ராத்திரி ரெண்டு மணிக்கு தண்ணி குடிக்க எழுந்தேன், அந்த ரூம் கதவுக்கு அடில செவப்பா ஒரு கோடு. தொறந்து பாத்தா லைட் ஜெகஜோதியா எரியுது. அப்புறம்தான் புரிஞ்சுது, இந்த டைமருக்கு மணி என்னன்னே தெரியாது. கரண்ட் போய் வந்தா, வந்த நிமிஷத்துல இருந்து 8 மணி நேரம் எண்ண ஆரம்பிக்குது, மறுநாளும் அதே நேரத்துக்குத்தான் ஆன் ஆகுது. என்னிக்கோ நடுராத்திரி ஒரு மணிக்கு கரண்ட் போய் வந்திருக்கு, அன்னில இருந்து தெனமும் ராத்திரி ஒண்ணுல இருந்து காலைல ஒன்பது வரைக்கும் எரிஞ்சிட்டு இருந்திருக்கு, பகல்ல ஜன்னல் வெளிச்சம் வேற. சாயங்காலம் இருட்டினதுல இருந்து ஒரு மணி வரைக்கும்தான் அந்தச் செடிக்கு ராத்திரி, ஏழு மணி நேரம் கூட தேறாது. காலைல நான் எழுந்து பாக்கும்போது லைட் எரியுது, சாயங்காலம் பாக்கும்போது அணைஞ்சிருக்கு, எனக்கு எங்க சந்தேகம் வரும் சொல்லுங்க.

இதுல கொடுமை என்னன்னா அந்த ப்ளூம் மோடு. குறும்பகல் செடி அளக்குறது பகலை இல்ல, ராத்திரியோட நீளத்த, அதுவும் இடைவெளி இல்லாத ராத்திரிய. 1938ல ஹாம்னர், பானர்னு ரெண்டு பேர் மருளூமத்தை இனத்துச் செடிய வச்சு இத காட்டினாங்க, நீளமான ராத்திரிக்கு நடுவுல கொஞ்ச நேரம் வெளிச்சம் காட்டினா போதும், அந்த ராத்திரி செல்லாது. இத கவனிக்கிற பொருளு இலைக்குள்ள இருக்கிற ஃபைட்டோகுரோம்ங்கற புரதம். செவப்பு வெளிச்சம், சுமாரா 660 நானோமீட்டர், பட்டா அது முழிச்ச நிலைக்கு மாறும், 730 பக்கம் இருக்கிற தூரச் செவப்பு பட்டா திரும்பத் தூங்கும், இருட்டுல வச்சாலும் மெதுவா அடங்கிடும். ராத்திரியக் கெடுக்கறதுக்கு எல்லா கலர்லயும் கெட்டிக்காரக் கலர் செவப்புதான். அதாவது ப்ளூம்னு பேர் போட்ட பட்டன நடுராத்திரில அழுத்தினா, ஒரு குறும்பகல் செடிய பூக்கவே விடாம தடுக்கறதுக்கு அதவிட நல்ல கருவி கிடைக்காது. நான் அத வாரக்கணக்கா பண்ணிருக்கேன்.

ஏன் தடுக்குதுன்னா இங்கதான் ஜீன் வருது. பூக்கலாம்னு முடிவு எடுக்குறது நுனில இருக்கிற குருத்து இல்ல, இலை. 1930கள்லயே சைலக்யான்னு ஒரு விஞ்ஞானி சோவியத் நாட்டுல ஒட்டு கட்டி, இலைய மட்டும் இருட்டடைச்சு, எல்லாம் பண்ணிப் பாத்துட்டு, இலைல ஏதோ ஒண்ணு உருவாகி குருத்துக்குப் போகுதுன்னு சொல்லி அதுக்கு ஃப்ளோரிஜன்னு பேரும் வச்சுட்டாரு. பேர் வச்சாரே தவிர அந்தப் பொருள யாராலயும் பிடிக்க முடியல, ஒரு எழுபது வருஷம். சிலர் அப்படி ஒண்ணு இல்லவே இல்லன்னு கூட சொல்ல ஆரம்பிச்சுட்டாங்க. கடைசில 1999ல அராபிடாப்சிஸ்ங்கற குட்டி களைச்செடில, கடுகு குடும்பம் அது, எஃப்டின்னு ஒரு ஜீன் கெடச்சுது. 2007ல அந்த ஜீன் செய்யுற புரதமேதான் இலை நரம்புல உருவாகி, சர்க்கரை போற அதே குழாய்ல ஏறி குருத்துக்குப் போற ஃப்ளோரிஜன்னு காட்டினாங்க. அதே வருஷம் நெல்லுலயும், அங்க அதுக்குப் பேரு எச்டி3ஏ. குருத்துக்குப் போய் எஃப்டின்னு இன்னொரு... இல்ல இல்ல, எஃப்டிக்கு பார்ட்னர் பேரும் தமிழ்ல எழுதினா எஃப்டியே வந்துடும், இங்கிலீஷ்ல இது FT, அது FD, அத விடுங்க. அந்த பார்ட்னர் புரதத்தோட கைகோத்து பூவுக்கான அடுத்த ஜீன்கள எழுப்பி விடுது, அதுக்கப்புறம் குருத்து இலை போடுறத நிறுத்திட்டு பூ போடும்.

நெல்லுல நடுராத்திரி பத்து நிமிஷம் வெளிச்சம் காட்டினாலே எச்டி3ஏ அடங்கிடுதுன்னு பாத்திருக்காங்க. என் கலாஞ்சோவுக்கு பத்து நிமிஷமா, எட்டு மணி நேரம் காட்டிருக்கேன்.

கஸ்டமர் சப்போர்ட்டுக்கு எழுதினேன். டைமர் ரீசெட் ஆகுறதப் பத்தி ஒரு வார்த்தை இல்ல. பதில் வந்துது, "பூ வரவில்லை என்றால் வெளிச்சம் போதவில்லை, 16 மணி நேரத்துக்கு மாற்றவும்"னு. வயித்துவலின்னு போனவனுக்கு இன்னும் ரெண்டு தட்டு சாப்பிடுன்னு சொன்ன கதை. கலாஞ்சோ, செவ்வந்தி, பாயின்செட்டியா மாதிரி செடிகளுக்கு 16 மணி நேரம் வெளிச்சம் கொடுத்தா காலத்துக்கும் பூக்காது.

ஆனா 16 மணி நேரம் எல்லாத்துக்கும் தப்பு இல்ல, அதையும் தெரியாம கண்டுபிடிச்சேன். ஒரு ட்ரேல பாலக் கீரை விதச்சு, தனியா இன்னொரு லைட் எடுத்து (ஆமா, ரெண்டாவது ஒண்ணும் வாங்கினேன், கேக்காதீங்க) 16 மணி நேரம் வச்சேன். டப்பால கீரை படமும் போட்டிருந்தாங்க. நாலு அஞ்சு இலைதான் பறிச்சிருப்பேன், திடீர்னு நடுவுல தண்டு கெளம்பி விறுவிறுன்னு மேல போய் பூவெடுத்துடுச்சு. பாலக் நெடும்பகல் செடி, பகல் நீளமானா பூத்துடும். பூ கேட்ட செடி பூக்கல, பூ வேணாம்னு வச்ச செடி பூத்து நின்னுச்சு, அன்னைக்கு ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல பாத்தப்போ சிரிக்கறதா அழறதான்னு தெரியல.

நெடும்பகல் செடி எப்படி கணக்கு போடுதுங்கறது அராபிடாப்சிஸ்ல நல்லா தெரிஞ்ச கதை, எனக்கு ரொம்பப் பிடிச்சதும் அதுதான். கான்ஸ்டன்ஸ்னு ஒரு ஜீன். செடிக்குள்ள ஒரு நாள் கடிகாரம் ஓடுது, அது இந்த ஜீன சாயங்கால நேரத்துலதான் முழுசா தொறந்து விடும். ஆனா அதுல இருந்து வர்ற புரதம் இருட்டுல நிக்காது, செடியே அத வெட்டிப் போட்டுடும். பகல் சின்னதா இருந்தா புரதம் வர்ற நேரத்துக்கு வெளிய இருட்டிடும், வந்த வேகத்துல காலி. பகல் நீளமா இருந்தா புரதம் வரும்போது இன்னும் வெளிச்சம் இருக்கும், அது பொழச்சு நின்னு எஃப்டிய எழுப்பி விடும். ஆபீஸ் விட்டு வர்ற நேரத்துக்கு கடை தொறந்திருந்தா சாமான், மூடியிருந்தா பட்டினி, அவ்வளவுதான் கணக்கு. செடி மணிநேரத்த எண்ணவே இல்ல பாருங்க, கடிகாரமும் வெளிச்சமும் ஒரே நேரத்துல சந்திக்குதான்னு மட்டும்தான் பாக்குது.

நெல்லு குறும்பகல் செடி, அதுலயும் கான்ஸ்டன்ஸ் மாதிரியே ஜீன் இருக்கு, எச்டி1. நீளப் பகல்ல அது எச்டி3ஏவ எழுப்பறதுக்குப் பதிலா அமுக்குது. பொருள் ஒண்ணுதான், வயரிங் திருப்பிப் போட்டிருக்கு. அதனாலதான் "எந்தச் செடியையும்" அப்படிங்கற ஒரு வார்த்தை போதும், டப்பா எழுதினவங்க எந்தச் செடியையும் வளத்ததில்லன்னு தெரிஞ்சுக்க.

சரி, ரெண்டாவது ரவுண்ட். க்ரோ லைட்ட கலாஞ்சோகிட்ட இருந்து எடுத்துட்டேன். ஜன்னல் வெளிச்சம் மட்டும். சாயங்காலம் அஞ்சு மணிக்கு ஒரு அட்டைப்பெட்டிய கவுத்து மூடுவேன், காலைல ஏழு மணிக்கு எடுப்பேன். பெட்டில ஒரு ஓட்டை இருந்துச்சு, கறுப்பு டேப் ஒட்டினேன். அது என்ன பெட்டின்னு கேட்டா, இந்த லைட்டு வந்த பார்சல் பெட்டிதான்.

ஏழாவது வாரம் நுனில பச்சையா கொத்தா மொட்டு. அதுக்கப்புறம் ஒரு மாசம் போல ஆச்சு விரிய, இப்போ ஆரஞ்சு கலர்ல மூணு கொத்து நிக்குது. ஹால்ல இருக்கிற அதோட கூடப்பொறப்பு இன்னும் இலைதான் போட்டுட்டு இருக்கு.

பெட்டிய கவுத்துட்டு இருந்தப்போ ஒரு நாள் நினைப்பு வந்துச்சு, 1918ல கார்னர், அலார்டுன்னு ரெண்டு அமெரிக்க விஞ்ஞானிங்க இதத்தான் பண்ணாங்க. மேரிலாண்ட் மாமத்னு ஒரு புகையிலை, வெயில் காலத்துல பனமரம் கணக்கா வளருமே தவிர பூக்காது, குளிர்காலத்துல கண்ணாடிக் கூடத்துல வச்சா சின்னச் செடிலயே பூத்துடும். உரமா, சூடா, வெளிச்சத்தோட அளவான்னு ஒவ்வொண்ணா மாத்திப் பாத்துட்டு கடைசில ஒரு இருட்டு ஷெட் கட்டி, சாயங்காலமே செடிய உள்ள தள்ளி கதவ மூடினாங்க. பூத்துது. செடி நாளோட நீளத்த அளக்குதுங்கறது அப்படித்தான் உலகத்துக்குத் தெரிஞ்சுது. நூறு வருஷம் கழிச்சு நான் லைட்டுக்குக் காசு கொடுத்து அதே ஷெட்டுக்குத் திரும்பி வந்திருக்கேன்.

செவ்வந்தியும் ஒரு தொட்டி வச்சிருக்கேன், அது இன்னும் பெட்டிக்குள்ளதான் இருக்கு, இப்போதான் மொட்டு தெரியுது. செவ்வந்தில கூடுதலா ஒரு வில்லன் ஜீன் உண்டு. 2013ல ஜப்பான் ஆராய்ச்சியாளர்கள் காட்டு செவ்வந்தி ஒண்ணுல கண்டுபிடிச்சாங்க, ஏஎஃப்டின்னு பேரு, ஃப்ளோரிஜனுக்கு எதிரி. ராத்திரி குறிப்பிட்ட நேரத்துல வெளிச்சம் பட்டா இலைல இது உருவாகி, அதுவும் குருத்துக்குப் போய், ஃப்ளோரிஜன் உக்கார வேண்டிய சீட்டுல துண்டு போட்டு உக்காந்துக்குது. எஃப்டியும் இந்த எதிரியும் ஒரே பெரிய குடும்பத்துப் பங்காளிங்க. அராபிடாப்சிஸ்ல அந்த எதிரிக் கிளைய சேந்த புரதத்துல ஒரே ஒரு அமினோ அமிலத்த மாத்தினா அது பூக்க வைக்கிற ஆளா மாறிடுது, எஃப்டில அதே இடத்த மாத்தினா தடுக்கிற ஆளா மாறிடுது, 2005ல பண்ணிக் காட்டினாங்க. வியாபாரத்துக்கு செவ்வந்தி வளக்குறவங்க ராத்திரில லைட் போட்டு பூவ தள்ளிப் போடுறது ரொம்ப நாளா நடக்குறதுதான், தேவைப்படுற தேதிக்குக் கணக்கு பண்ணி லைட்ட நிறுத்துவாங்க. அந்த வேலைக்கு இந்த லைட் அருமையா உதவும். டப்பால அத மட்டும் போடல.

லைட்டுக்கு நியாயமா ஒரு மார்க் கொடுக்கணும்னா தக்காளிக்குக் கொடுப்பேன். தக்காளி நாள் நீளத்தப் பெருசா கண்டுக்காது. இத்தனை இலை விட்டுட்டு பூக்கும், வெளிச்சம் நல்லா இருந்தா கன்னு தெம்பா வளரும். ஜன்னல் வெளிச்சத்துல நோஞ்சானா சாஞ்சு கெடந்த நாத்து, இதுக்குக் கீழ வச்சதும் ரெண்டு வாரத்துல தடிச்ச தண்டோட நின்னுச்சு, பூவும் வந்துது. அது ப்ளூம் மோடோட சாதனை இல்ல, வெள்ளை மோடுலதான் வச்சிருந்தேன்.

ரிவ்யூ பகுதில ஒருத்தங்க விதைல இருந்து முளைச்ச மரக்கன்னுக்கு வச்சா பூக்குமான்னு கேட்டிருந்தாங்க, கம்பெனி பூக்கும்னு பதில் போட்டிருக்கு. பூக்காதுங்க. சின்னக் கன்னுல மைக்ரோ ஆர்என்ஏ 156ன்னு ஒண்ணு நிறைய இருக்கும், பூக்க உதவுற ஜீன்கள அது அமுக்கியே வச்சிருக்கும், வயசு ஏற ஏறத்தான் குறையும். மரங்களுக்கு அது குறைய வருஷக்கணக்காகும், லைட்ட எவ்வளவு நேரம் போட்டாலும் வயசு கூடாது. ஜீன்லயே கை வச்சா வேற கதை, 1995ல லீஃபின்னு ஒரு பூ ஜீன ஆஸ்பென் மரத்துல ஓயாம வேலை செய்யுற மாதிரி வச்சு விட்டாங்க, வருஷக்கணக்கா காத்திருக்க வேண்டிய மரம் சில மாசத்துலயே பூத்துது. அது லேப் வேலை, க்ளிப் லைட் வேலை இல்ல.

இன்னொருத்தங்க முட்டைகோஸ் விதை எடுக்கணும், பூக்கவே மாட்டேங்குதுன்னு எழுதியிருந்தாங்க. அதுக்கு வேண்டியது வெளிச்சம் இல்ல, குளிர், அதுவும் வாரக்கணக்குல. அந்தக் குடும்பத்துல எஃப்எல்சின்னு ஒரு ஜீன் எஃப்டிக்குப் பூட்டு போட்டு வச்சிருக்கும். குளிர் நீளமா பட்டா அந்த ஜீன் மேல, அது சுத்தியிருக்கிற புரதத்துல, ஒரு வேதி முத்திரை கொஞ்சம் கொஞ்சமா விழுந்து அது வாயடைச்சுப் போகும். குளிர் போனப்புறமும் முத்திரை அழியாது, செல் பிரிஞ்சு பிரிஞ்சு போனாலும் ஞாபகம் வச்சிருக்கும், விதைக்குள்ள அடுத்த தலைமுறை உருவாகும்போதுதான் அழிச்சு பழையபடி பூட்டு போடும். எனக்கு இத முதல்முதல்ல படிச்சப்போ புல்லரிச்சுது, இப்பவும் அப்படித்தான். நம்ம டைமர் கரண்ட் போனா மணிய மறந்துடுது, மூளையே இல்லாத செடி போன குளிர்காலத்த மறக்காம வச்சிருக்கு.

ஒரு விஷயம் கேக்கணும். டெலிவரி ஆன மூணாவது நாள் "சூப்பர், செடி பூத்துடுச்சு"ன்னு 5 ஸ்டார் போட்டிருக்கீங்களே, அது எந்தச் செடிங்க? மூணு நாள்ல பூத்திருந்தா அந்த மொட்டு உங்ககிட்ட லைட் வர்றதுக்கு ரொம்ப முன்னாடியே முடிவானது.

வாங்கலாமான்னா, நாத்து வளக்க, வெளிச்சம் பத்தாத வீட்டுல இலைச்செடி வைக்க, தாராளமா வாங்கலாம், ஆனா அதோட சொந்த டைமர நம்பாதீங்க, பேட்டரி பேக்கப் இருக்கிற ப்ளக் டைமர் ஒண்ணு தனியா வாங்கி அதுல மாட்டுங்க, லைட்ல இருக்கிற டைமர அணைச்சுட்டா கரண்ட் வந்ததும் நேரா எரியுது, அதுல மட்டும் பிரச்சனை இல்ல. வாங்குறதுக்கு முன்னாடி உங்க செடி குறும்பகலா நெடும்பகலா ரெண்டும் இல்லையான்னு பாத்துக்கோங்க, பாலக் மாதிரி நெடும்பகல் கீரைன்னா 16 பக்கமே போகாதீங்க, நான் பாலக்குக்கு இப்போ ஜன்னலையும் சேத்து கணக்குப் பண்ணி 8ல வச்சிருக்கேன், இலை ஒழுங்கா வருது.

லைட்டுக்கு 4 ஸ்டார், டைமருக்கு 1, சராசரி போட்டு ரெண்டரைன்னு போடலாம்னா இங்க அரை ஸ்டார் கொடுக்க வழி இல்ல. 2 போட்டிருக்கேன். பெட்டி நல்ல கெட்டியான மூணடுக்கு அட்டை, மாசக்கணக்கா எடுத்து எடுத்து வச்சும் மூலை கூட மடங்கல.